சாப்பிட்டாயிற்றா என்று கேட்டால் போதுமா?



மைசூருவுக்குப் பிழைக்க வந்த நாளில் நாம் முதலாவது கற்றுக்கொண்ட கன்னட வார்த்தைகளில் ஒன்று, "ஊட்டா ஆய்த்தா?" என்பதாயிருக்கும். பால்காரர் கேட்பார், பக்கத்து வீட்டு அம்மா கேட்பார், வேலை செய்யும் இடத்தில் மேற்பார்வையாளரும் கேட்பார். நம் ஊரில் "சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்கிற அதே அன்புதான். "ஆயிற்று" என்று பதில் வந்தால் கேட்டவருக்கும் திருப்தி, சொன்னவருக்கும் திருப்தி. ஆனால் சில வீடுகளில் அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு வியாதி ஒளிந்துகொண்டிருக்கிறது. அதைக்குறித்தே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

எங்கள் சபையில் ஒரு தாயார் உண்டு. கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபின், தூத்துக்குடி ரயிலில் ஏறி மைசூருவிலுள்ள மகள் வீட்டுக்கு வந்தவர். மகளும் மருமகனும் காலையிலேயே வேலைக்குப் புறப்பட்டுவிடுவார்கள். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். பகல் உணவைத் தாயார் தனியாகவே உண்பார். இரவிலும், "நீங்கள் சாப்பிடுங்கள், நான் பிறகு சாப்பிட்டுக்கொள்ளுகிறேன்" என்பார். சபையில் அன்பின் விருந்து நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டை வாங்கி ஓரமாய் வைத்துவிடுவார். கேட்டால், "உபவாசம்" என்பார். உபவாசத்தை அந்தரங்கமாய்ச் செய்யும்படி ஆண்டவரே போதித்திருக்க, அதற்குமேல் யார் கேட்பார்கள்? பெண்கள் கூடுகையில் நானே அவருடைய உபவாசத்தை மற்றவர்களுக்கு மாதிரியாக எடுத்துச் சொன்னேன். இன்று அதை நினைத்து வெட்கப்படுகிறேன்.

உண்மை வேறாயிருந்தது. தண்ணீர் குடித்தால் அவருக்கு இருமல் வந்தது. ரசம் சாதம் சாப்பிட்டால் புரையேறியது. பிறர் முன்பாக இருமி, கண்ணில் நீர் தளும்பி, சோற்றுப் பருக்கை மூக்கில் ஏறுவது அவருக்குப் பெரிய அவமானமாய் இருந்தது. ஆகவே ஒருவரும் பார்க்காத வேளையில் நாலு வாய் உண்டு எழுந்துவிடுவார். மகள் ஓரிரு முறை கண்டபோது தாயாரின் உச்சந்தலையைத் தட்டி, "ஊரில் யாரோ உங்களை நினைக்கிறார்கள் அம்மா" என்று சிரித்தாள். நான்கு மாதங்களில் மூன்று முறை காய்ச்சல் வந்தது. முதல் இரண்டு முறையும் மருந்துக்கடை மாத்திரையோடு போயிற்று. மூன்றாம் முறை மூச்சுத்திணறி மருத்துவமனையில் சேர்த்தபோது, நிமோனியா என்றார்கள். எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "இவர் சாப்பிடும்போது இருமுகிறாரா?" என்பது. மகளுக்குப் பதில் தெரியவில்லை. தாயார் சாப்பிடுவதை அவள் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

வீட்டார் அறியாமலே வந்துபோன ஒரு சிறிய பக்கவாதத்தின் தழும்பு பிறகு மூளை ஸ்கேனில் தெரிந்தது. தொண்டைத் தசைகளை அது பலவீனப்படுத்தியிருந்தது.

பிரியமானவர்களே, மருத்துவர் கேட்ட அந்தக் கேள்வியை நாமே நம் வீட்டில் முந்திக் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். சாப்பிட்டாயிற்றா என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், எப்படிச் சாப்பிடுகிறார் என்று கவனிப்பதும் அன்பின் கடமையே.

ஒரு விநாடியில் நடக்கும் அதிசயம்

நாம் உண்ணும் உணவும் சுவாசிக்கும் காற்றும் தொண்டையில் ஒரே வழியாகச் செல்லுகின்றன. அங்கிருந்து முன்புறமாக மூச்சுக்குழாயும், பின்புறமாக உணவுக்குழாயும் பிரிகின்றன. பற்கள் அரைத்த உணவை நாக்கு திரட்டிப் பின்னே தள்ளும்போது, அண்ணத்தின் பின்பகுதி எழும்பி மூக்கின் வழியை அடைக்கிறது. குரல்வளை மேலே உயர்கிறது. அதன் மூடி கவிழ்கிறது. குரல் நாண்கள் இறுக மூடிக்கொள்ளுகின்றன. சுவாசம் ஒரு கணம் நிற்கிறது. ஏறக்குறைய ஒரு விநாடிக்குள் இவையாவும் நடந்தேறி, கவளம் உணவுக்குழாய்க்குள் இறங்குகிறது. ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தக் குழாய், அலைபோலச் சுருங்கி உணவை இரைப்பையில் சேர்க்கிறது. கழுத்தின் முன்புறம் விரலை வைத்துக்கொண்டு உமிழ்நீரை விழுங்கிப் பாருங்கள். குரல்வளை ஏறி இறங்குவது விரலுக்குத் தெரியும்.

இந்த ஒழுங்கில் ஏதேனும் ஒன்று பிந்தினாலும் உணவோ தண்ணீரோ மூச்சுக்குழாய்க்குள் வழுவிவிடும். அதை வெளியே தள்ளுவதற்குத் தேவன் வைத்திருக்கிற காவற்காரனே இருமல். எப்போதாவது ஒருமுறை அவசரத்தில் புரையேறுவது எல்லாருக்கும் உண்டு. அதற்காகப் பயப்பட வேண்டாம். வேளைதோறும் புரையேறினால் அது முதுமையின் இயல்பும் அல்ல, யாரோ நினைப்பதும் அல்ல. அது எச்சரிப்பு. மருத்துவர்கள் இதை டிஸ்பேஜியா, அதாவது விழுங்குவதில் சிரமம் என்கிறார்கள்.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஆரம்ப நாட்களில் இந்தச் சிரமம் இருக்கும். நடுக்குவாத நோய், மறதி நோய், தலை அல்லது கழுத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோரிடமும் இது அதிகம் காணப்படுகிறது. சிலருக்கு அந்தக் காவற்காரனே தூங்கிவிடுவதுண்டு. உணவு நுரையீரலுக்குள் போனாலும் இருமல் வராது. ஆகையால் இருமலை மாத்திரம் நம்பியிருக்கக் கூடாது.

சாப்பிடும்போது காணும் அடையாளங்கள்

உங்கள் வீட்டுப் பெரியவரோடு ஒருவேளை முழுவதும் உடன் உட்கார்ந்து இவற்றைக் கவனியுங்கள்:

1. உண்ணும்போதோ, உண்டு முடித்தவுடனோ இருமல், தொண்டையைக் கனைத்துக்கொண்டேயிருத்தல், மூச்சு வாங்குதல்.

2. விழுங்கியபின் குரல் ஈரமாய், தொண்டையில் நீர் நிற்பதுபோல் கரகரவென்று மாறுதல்.

3. ஒரு கவளத்துக்கு இரண்டு மூன்று முறை விழுங்க வேண்டியிருத்தல்.

4. கன்னத்தின் ஒரு பக்கத்தில் சோறு தங்கிவிடுதல், கடைவாயில் எச்சில் வழிதல், உணவோ தண்ணீரோ மூக்கின் வழியாய் வருதல்.

5. தொண்டையிலோ நெஞ்சுக்குழியிலோ உணவு நிற்பதுபோன்ற உணர்வு, அல்லது விழுங்கும்போது வலி.

6. முன்பு பத்து நிமிடத்தில் முடிந்த சாப்பாடு அரைமணி நேரத்துக்கும் மேலாய் நீளுதல்.

சாப்பிடாத வேளையிலும் அடையாளங்கள் உண்டு. காரணமின்றி எடை குறையும். ரவிக்கையும் வளையலும் தளரும். அடிக்கடி காய்ச்சலும் சளியும் வரும். தண்ணீரைத் தவிர்ப்பதால் சிறுநீர் குறைந்து நிறம் கறுக்கும். மாத்திரையை விழுங்காமல் தலையணைக்குக் கீழே ஒளித்து வைப்பவர்களும் உண்டு. "எனக்கு இறைச்சி பிடிக்கவில்லை", "சப்பாத்தி ஆகாது", "பசியில்லை" என்று ஒவ்வொன்றாய்த் தள்ளுவார்கள். பிடிக்கவில்லை என்பதன் பொருள் சில வேளைகளில் இறங்கவில்லை என்பதே.

கைக்குழந்தைகளிலும் இது உண்டு. பால் குடிக்கையில் வியர்த்து மூச்சு வாங்குதல், அடிக்கடி புரையேறுதல், பால் மூக்கில் வருதல், எடை கூடாமை ஆகியவற்றைக் கண்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எது இறங்கவில்லை?

மருத்துவருக்கு மிகவும் உதவுகிற தகவல் ஒன்று உண்டு. கெட்டியான உணவு நிற்கிறதா, தண்ணீர் நிற்கிறதா என்பதே அது.

தண்ணீர், காபி, ரசம் போன்றவற்றில் முதலாவது புரையேறுமானால், பெரும்பாலும் நரம்பிலோ தொண்டைத் தசையிலோ கோளாறு இருக்கும். தண்ணீர் வேகமாய் ஓடும். பலவீனமான தொண்டை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. "நோயாளிக்கு எளிதாய் இறங்கட்டும்" என்று நாம் கொடுக்கிற நீராகாரமே இவர்களுக்கு மிகவும் கடினமானது. ரசம் சாதமும் மோர் சாதமும் இன்னும் கடினம். நீரும் பருக்கையும் ஒரே வாயில் கலந்திருப்பதால் நீர் முந்தி ஓடிவிடுகிறது.

முதலில் இறைச்சி, பிறகு சப்பாத்தி, பிறகு சோறு, கடைசியில் கஞ்சி என்று வாரந்தோறும் ஒவ்வொன்றாய் நிற்கத் தொடங்கினால், உணவுக்குழாய் குறுகிவருகிறது என்று சந்தேகிக்க வேண்டும். நெடுநாள் நெஞ்செரிச்சலால் உண்டான தழும்பாய் இருக்கலாம், புற்றுநோயாயும் இருக்கலாம். இதை ஒரு வாரமும் தள்ளிப்போடக் கூடாது. புகையிலை, பாக்கு, பீடி, மது ஆகியவை வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வழிதிறப்பவை. "இரட்சிக்கப்பட்டபின் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்" என்று சாட்சி சொல்லும் சகோதரர்களே, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். விட்டபின் ஆபத்து வருஷத்துக்கு வருஷம் குறையும். ஆயினும் பழைய பழக்கத்தின் பாதிப்பு சரீரத்தில் சில காலம் தங்கியிருக்கும். ஆதலால் நீங்களும் அடையாளங்களை அசட்டை செய்யாதிருங்கள்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நீடித்த இரத்தசோகையால் தொண்டையின் கீழ்ப்பகுதியில் மெல்லிய சவ்வு வளர்ந்து, கெட்டியான உணவு நிற்பதுண்டு. இரும்புச்சத்துச் சிகிச்சையால் பலருக்கு இது சீர்ப்படும். கவனியாமல் விட்டால் பிற்காலத்தில் புற்றுநோயாக மாறும் அபாயம் உண்டு. வெளிறிய முகமும், சோர்வும், தொண்டையில் நிற்கிற உணவும் ஒருங்கே இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

தாமதிக்கக் கூடாத வேளைகள்

திடீரென்று வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறி, விழுங்க முடியாமற்போனால் அது பக்கவாதம். இரத்தக்குழாயின் அடைப்பைக் கரைக்கும் ஊசியைத் தொடக்கத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். உடனே 108-ஐ அழையுங்கள். அப்படிப்பட்டவருக்கு விழுங்கும் திறனைச் சோதித்துப் பார்க்கும்வரை சோடாவோ, காபியோ, மாத்திரையோ வாயில் கொடுக்கக் கூடாது.

உணவு சிக்கி உமிழ்நீர்கூட இறங்காமற்போதல், இரத்த வாந்தி, கறுத்த மலம், குழந்தை பொத்தான் பேட்டரியை விழுங்குதல், அமிலம் குடித்துவிடுதல் ஆகியவையும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை.

மூச்சடைத்தவர் இருமவோ பேசவோ கூடுமானால் அவரை இருமவிடுங்கள். தலையில் தட்டாதீர்கள், தண்ணீர் கொடாதீர்கள். பேசவும் மூச்சுவிடவும் முடியாமற்போனால், முன்னால் குனியவைத்து இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை பலமாய் அடியுங்கள். வெளிவராவிட்டால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே மடக்கிய கையை வைத்து உள்ளும் மேலுமாய் ஐந்து முறை அழுத்துங்கள். மாறி மாறித் தொடருங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் வயிற்றை அழுத்தக் கூடாது. முதுகில் அடிப்பதும், நெஞ்சின் நடுவே அழுத்துவதுமே தகும். கர்ப்பிணிகளுக்கும் வயிற்றை விட்டு நெஞ்சிலேயே அழுத்த வேண்டும்.

சில வாரங்களாய்த் தொடரும் சிரமம், எடைக் குறைவு, மூன்று வாரத்துக்கு மேல் மாறாத குரல் கரகரப்பு, கழுத்தில் கட்டி ஆகியவற்றைக் கண்டால் அந்த வாரத்திலேயே மருத்துவரைக் காணுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

படுத்த நிலையில் ஊட்டாதீர்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு கரண்டியால், ஒரு வாய் இறங்கினபின்பு அடுத்த வாய் கொடுங்கள். உண்டபின் அரைமணி நேரமாவது சாயாமல் உட்காரட்டும். தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு ஊட்ட வேண்டாம். உண்ணும்போது தொலைக்காட்சியும் பேச்சும் வேண்டாம். காலையும் இரவும் வாயையும் பல்செட்டையும் சுத்தம் செய்யுங்கள். அழுக்கு வாயிலிருந்து வழுவுகிற எச்சிலே நிமோனியாவுக்கு ஒரு காரணம். மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் பொடியாக்காதீர்கள். சிலவற்றைப் பொடித்தால் மருந்து ஒரே வேளையில் கரைந்து தீங்கு செய்யும்.

சிக்கியதைத் தள்ளுவதற்குச் சோற்றுருண்டையோ வாழைப்பழமோ கொடுப்பது நம் ஊர் வழக்கம். அதை விட்டுவிடுங்கள். இந்த ஊரில் ராகி முத்தெயை மெல்லாமல் சாரில் தோய்த்து விழுங்குவார்கள். பழகினவர்களுக்கு அது சத்தான உணவு. விழுங்கச் சிரமப்படுபவருக்கு அப்படிக் கொடுப்பது ஆபத்து.

எங்கே போவது?

முதலாவது பொது மருத்துவரையோ, காது மூக்கு தொண்டை மருத்துவரையோ காணலாம். மைசூருவில் அரசின் கே.ஆர். மருத்துவமனை உண்டு. விழுங்குதலுக்கான பயிற்சியில் இந்த நகரத்துக்கு ஒரு விசேஷ பாக்கியமும் உண்டு. மானசகங்கோத்ரியில் 1965-இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம், மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்குவது. மைசூரு மக்கள் அதைச் சுருக்கமாய் "ஐஷ்" என்பார்கள். காது கேளாதவர்களுக்கும் திக்கிப் பேசுகிறவர்களுக்கும் மாத்திரம் உரிய இடம் அது என்று நம்மவர்கள் எண்ணுகிறார்கள். பேசுவதற்கும் விழுங்குவதற்கும் நாக்கும் தொண்டையும் ஒன்றே ஆகையால், விழுங்கும் கோளாறுகளுக்கும் அங்கே பரிசோதனையும் பயிற்சியும் உண்டு.

பேரியம் கலந்த உணவை விழுங்கவைத்து எக்ஸ்ரே திரையில் பார்ப்பதும், மூக்கின் வழியே மெல்லிய கேமராவைச் செலுத்தித் தொண்டையைப் பார்ப்பதும், உணவுக்குழாய்க்கு எண்டோஸ்கோப்பியும் வழக்கமான சோதனைகள். அதன்பின் தசைப் பயிற்சி, தலையை வைத்துக்கொள்ளும் விதம், உணவின் பதம் ஆகியவற்றைப் பயிற்சியாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வகுத்துக் கொடுப்பார். ஒருவருக்குச் சொன்னதை மற்றொருவர் பின்பற்றக் கூடாது.

கன்னடம் சரளமாய் வராததால் மருத்துவமனைக்குப் போகத் தயங்குகிறவர்களே, இரண்டு வாக்கியங்களை மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். "நுங்கோக்கெ கஷ்ட ஆகுத்தெ" என்றால் விழுங்கக் கஷ்டமாயிருக்கிறது என்று பொருள். நுங்குதல் நம் பழந்தமிழிலும் விழுங்குதலைக் குறிக்கும் சொல்லே. "ஊட்டா மாடுவாக கெம்மு பருத்தெ" என்றால் சாப்பிடும்போது இருமல் வருகிறது என்று பொருள். இவ்விரண்டும் சொன்னால் மருத்துவர் மற்றவற்றைக் கேட்டு அறிந்துகொள்வார்.

ஜெபமும் அத்திப்பழ அடையும்

"ஜெபித்துவிட்டோமே, இனி மருத்துவர் எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். எசேக்கியா ராஜா வியாதியில் அழுது ஜெபித்தபோது, குணமாக்குவேன் என்று தேவன் வாக்குக்கொடுத்தார். அதன்பின்பும் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொன்னார் என்று 2 இராஜாக்கள் 20-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். வாக்குத்தத்தமும் இருந்தது, அடையும் இருந்தது. ஒன்று மற்றொன்றை அவமாக்கவில்லை. யவீருவின் மகளை உயிரோடெழுப்பின ஆண்டவர், அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கும்படி பெற்றோருக்குச் சொன்னதையும் நினைவுகூருங்கள். அற்புதம் செய்தவருக்கு ஒரு சிறுமியின் வாய்க்குப் போகும் ஆகாரம் அற்பமாய்த் தோன்றவில்லை.

சபை மூப்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். எண்ணெய் பூசி ஜெபிக்கும்போது நெற்றியில் பூசுங்கள். பக்கவாதத்தில் விழுந்தவரின் வாயில் ஜெபித்த எண்ணெயையோ தண்ணீரையோ ஒரு கரண்டிகூட ஊற்றாதிருங்கள். மெலிந்துவரும் ஒருவர் உபவாசம் என்று சொன்னால், மெச்சுவதற்கு முன்பு அருகில் அமர்ந்து விசாரியுங்கள். கர்த்தருடைய பந்தியில் அப்பம் தொண்டையில் நிற்குமோ என்ற பயத்தினால் கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுந்துபோகிறவர்கள் உண்டு. எவ்வளவு சிறிய துண்டு, எந்தப் பதத்தில் கொடுப்பது என்று பயிற்சியாளரிடம் கேட்டறிந்து, அவர்கள் வெட்கப்படாதபடி பந்தியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் சொன்ன தாயார் சில வாரங்கள் பயிற்சிக்குப் போய்வந்தார். முழுச் சுகம் வந்துவிட்டது என்று இன்னும் சொல்வதற்கில்லை. காபியைக் கெட்டிப்படுத்தியே குடிக்கிறார். ரசம் சாதத்தை விட்டுவிட்டார். காய்ச்சல் திரும்ப வரவில்லை, எடையும் கொஞ்சம் கூடியிருக்கிறது. மகள் இப்போது அரைமணி நேரம் முந்தி எழுந்து, தாயாரோடு உட்கார்ந்து காலை உணவைச் சாப்பிட்டபின்பே வேலைக்குப் போகிறாள். சென்ற மாதப் பந்தியில் தாயார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

இன்றிரவு உங்கள் வீட்டிலும் ஒருவர், "நீங்கள் சாப்பிடுங்கள், நான் பிறகு சாப்பிட்டுக்கொள்ளுகிறேன்" என்று சொல்லக்கூடும். அவர் பக்கத்தில் ஒரு பாயை விரித்து, தட்டோடு உட்காருங்கள். உங்கள் போஜனத்தையும் உங்கள் பெரியவர்களின் சரீரத்தையும் கர்த்தர் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.